பனிமலையில் ஒரு வழக்கு

மாணவன் ஒருவன் சென்ற வாரம் எம்மிடம் ஒரு வினாவோடு வந்து நின்றான். ஓட்டத்தில் வல்லவன், வீட்டிலோ வசதி குறைந்தவன். அவன் ஓடுவதைக் கண்டு மகிழ்ந்த வணிகர் ஒருவர், நல்ல சப்பாத்து ஒரு சோடி வாங்கித் தருவதாக வாக்களித்தாராம். அதனைக் கேள்வியுற்ற பெரியவர் ஒருவர், "விளையாட்டுக்குக் கைநீட்டி வாங்குபவன் வீரன் ஆகான்; கூலிக்காரன் ஆவான்" என்று கடிந்துகொண்டாராம். "ஐயா, சப்பாத்தை வாங்கினால் என் ஓட்டம் கெட்டுப் போகுமா?" என்று அவன் கேட்டான்.

உடனே விடை கூற எமக்கு மனம் வரவில்லை. ஏனெனில் ஏறத்தாழ இதே வினா, அரை நூற்றாண்டுக்கு முன்னர் உலகத்துப் பெரியவர்கள் கூடிய சபை ஒன்றிலே எழுந்தது. அச்சபை அன்று அளித்த விடை, ஒரு மனிதரின் பதினைந்து ஆண்டு உழைப்பை ஒரே நாளில் வெறுமையாக்கிற்று. ஒரு தலைநகரத்தையே தெருவுக்கு அழைத்து வந்தது. அக்கதையை ஒருமுறை நினைவுகூர்ந்த பின்னரே மாணவனுக்கு விடை கூறுவது தகும் என்று எண்ணினோம். வாசகர்களும் உடனிருந்து கேட்பார்களாக.

கதை நிகழ்ந்த இடம் நம்மிற் பெரும்பாலார் காலால் மிதித்தறியாத பனிநிலம். கதைக்குரியவர் அவுஸ்திரிய நாட்டுப் பனிச்சறுக்கு வீரர் கார்ல் ஷ்ரான்ஸ். அவர் பனியில் ஓடியவர். எம் மாணவன் மணலில் ஓடுபவன். ஆயினும் இருவர் முன்னும் நிற்கும் வினா ஒன்றே.

சுரங்கத்தின் வாயிலில் ஓர் ஊர்

அவுஸ்திரியாவின் மேற்கே, தீரோல் மாநிலத்தில், ஆர்ல்பெர்க் என்னும் மலைக் கணவாயின் அடியில் சங்க்ட் அன்ரன் என்ற ஊர் உள்ளது. 1884ஆம் ஆண்டிலே மலையைக் குடைந்து 10 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட நீளமுடைய புகையிரதச் சுரங்கப் பாதை அங்கே திறக்கப்பட்டது. அதுவரை பனிக்காலத்தில் உலகத்தோடு தொடர்பற்றுக் கிடந்த அவ்வூருக்குப் பயணிகள் வரத் தொடங்கினர். வந்தவர்களுக்குப் பனியிற் சறுக்கக் கற்றுக் கொடுப்பதை ஒரு கலையாகவே வளர்த்தவர் அங்கு வாழ்ந்த ஹான்னஸ் ஷ்னைடர். அவருடைய முறை 'ஆர்ல்பெர்க் முறை' என்று உலகெங்கும் பெயர் பெற்றது. 1930இல் யப்பானியர் அவரைத் தம் நாட்டுக்கு அழைத்து, அம்முறையைக் கற்றுக்கொண்டனர். 1938இல் நாசிகள் அவுஸ்திரியாவைக் கைப்பற்றியபோது, ஷ்னைடரைச் சிறைப்படுத்தினர். மறு ஆண்டு அவர் அமெரிக்கா சென்று வாழ நேர்ந்தது.

ஆசான் சிறைப்பட்ட அதே 1938இன் நவம்பர் 18ஆந் திகதி, அதே ஊரிலே கார்ல் ஷ்ரான்ஸ் பிறந்தார். தந்தையார் புகையிரதத் தொழிலாளி, வறிய குடும்பம். உல்லாசப் பயணிகளுக்குப் பனிச்சறுக்கு ஒரு பொழுதுபோக்கு. அவ்வூர்ச் சிறுவருக்கோ அது நம் பிள்ளைகளுக்கு நீச்சலும் மரமேறலும் போன்றது. நடக்கப் பழகியதும் பலகையிற் சறுக்கவும் பழகிவிடுவர். பயணிகளிடம் பணம் இருந்தது; ஊராரிடம் மலை இருந்தது. மலையைத் தவிர வேறு முதல் இல்லாதவன், அம்மலையில் ஓடிப் பெற்ற திறமையைக்கொண்டே பிழைக்க வேண்டும். இவ்வுண்மையை வாசகர் மனத்தில் இருத்திக்கொண்டால், பின்னர் வருவன யாவும் எளிதில் விளங்கும்.

மூவகை ஓட்டம்

பனிச்சறுக்குப் பந்தயத்தைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். அக்காலத்தில் மூவகை ஓட்டங்கள் இருந்தன. மலையுச்சியிலிருந்து அடிவாரம் வரை, தடை மிகக் குறைந்த பாதையில், மோட்டார் வண்டியையும் விஞ்சும் வேகத்தில் பாய்வது இறக்க ஓட்டம். நெருக்கமாக நட்ட கம்பங்களினூடே நெளிந்து நெளிந்து இறங்குவது சிலாலம் எனப்படும் வளைவு ஓட்டம். இரண்டுக்கும் இடைப்பட்டது பெருவளைவு ஓட்டம். இரண்டிரண்டு கம்பங்கள் ஒரு வாயிலாக நிற்கும். ஒரு வாயிலைத் தவறவிட்டாலும் ஓட்டம் செல்லாது.

வீரர்கள் ஒருவரோடொருவர் தோளுரசி ஓடுவதில்லை. ஒருவர் பின் ஒருவராகத் தனித்தனியே இறங்குவர். எதிரி, கடிகாரம் ஒன்றே. வெற்றிக்கும் தோல்விக்கும் இடையே சில வேளை ஒரு செக்கனின் நூறில் ஒரு பங்குதான் இருக்கும். இரும்புபோல் இறுகிய பனிக்கட்டியில், கண்ணிமைக்கும் நேரத்தில் உடலைத் திருப்பத் தெரியாதவன் கால் முறிந்து கிடப்பான். ஒரு குளிர்காலம் முழுவதும் பயிற்சி, கோடைகாலம் முழுவதும் உடற்பயிற்சி, ஆண்டுதோறும் புதிய பலகைகள், நாடு விட்டு நாடு பயணம் — இவை இன்றி எவரும் முன்வரிசையில் நிற்க இயலாது. ஒரு வேலையில் இருந்துகொண்டு ஓய்வு நேரத்திற் செய்யக்கூடிய காரியமன்று இது.

ஷ்ரான்ஸ் 1957இல், பதினெட்டு வயதில், ஆர்ல்பெர்க்–கந்தகார் என்னும் புகழ்வாய்ந்த பந்தயத்தில் வென்று பெயர் பெற்றார். ஆல்ப்ஸ் மலைப் பந்தயத்துக்கு ஆப்கானிஸ்தானத்து நகரின் பெயர் எவ்வாறு வந்தது என்று வாசகர் வியக்கலாம். 1880இல் கந்தகாரிலே போர் வென்ற பிரித்தானியத் தளபதி ரொபேட்ஸ் பிரபு, முதன்முதல் ஆங்கிலேயர் நடத்திய இறக்க ஓட்டத்துக்கு 1911இல் ஒரு கிண்ணம் அளித்தார். அவருடைய பட்டப்பெயரில் இருந்த கந்தகார், பனியில் நிலைத்துவிட்டது. படை நடத்தியவரின் பெயரால் அமைந்த பந்தயத்தில், தொழிலாளி மகன் வென்றான். காலம் எவ்வாறு மாறிற்று என்பதற்கு இதுவும் ஒரு சான்றன்றோ!

1962இல் பிரான்சு நாட்டுச் சமோனியில் நடந்த உலக சம்பியன் போட்டியில், இறக்க ஓட்டத்திலும் மூவகை ஓட்டங்களையும் சேர்த்துக் கணிக்கும் கூட்டுப் போட்டியிலும் தங்கம், பெருவளைவில் வெள்ளி. 1964இல் தம் மாநிலத் தலைநகரான இன்ஸ்புருக்கில் நடந்த ஒலிம்பிக்கில் பெருவளைவில் வெள்ளி. 1970இல் இத்தாலியின் வால் கார்தேனாவில் பெருவளைவில் உலக சம்பியன். 1967இல் தொடங்கிய உலகக் கிண்ணத்தை 1969இலும் 1970இலும் தொடர்ந்து வென்றார். ஒரு வீரர் பெறக்கூடிய பெரும்பேறுகளில் ஒன்றே ஒன்று எஞ்சி நின்றது. அது ஒலிம்பிக் தங்கம்.

மூடுபனியில் வந்தவர் யார்?

அத்தங்கம் ஒருமுறை அவர் கைக்கு எட்டியதுபோல் தோன்றி மறைந்தது. 1968 பெப்ரவரி 17ஆந் திகதி. பிரான்சு நாட்டுக் கிரெனோபிள் ஒலிம்பிக்கின் வளைவு ஓட்டம். மலையெங்கும் மூடுபனி. பிரெஞ்சு வீரர் ஷான் குளோட் கீலி ஏற்கெனவே இறக்க ஓட்டத்திலும் பெருவளைவிலும் தங்கம் பெற்றிருந்தார். இதிலும் வென்றால், 1956இல் அவுஸ்திரிய வீரர் தோனி சைலர் ஒருவரே செய்து காட்டிய முத்தங்கச் சாதனையை அவரும் எய்துவார்.

இரண்டாம் ஓட்டத்தில் ஷ்ரான்ஸ் இறங்கினார். ஏறக்குறைய இருபது வாயில்களைக் கடந்ததும் சடுதியில் நின்றுவிட்டார். மூடுபனிக்குள் கரிய உருவம் ஒன்று தம் பாதையின் குறுக்கே சென்றது என்றும், மோதலைத் தவிர்க்கவே நின்றதாகவும் முறையிட்டார். நடுவர் அதனை ஏற்று, மீண்டும் ஓட அனுமதித்தார். ஷ்ரான்ஸ் மீண்டும் ஓடினார். இரு ஓட்டங்களின் கூட்டு நேரத்தில் கீலியை முந்தினார். சுற்றி நின்றோர் அவரை வாழ்த்தினர். அவரும் தாமே வென்றதாக எண்ணி மகிழ்ந்தார்.

அம்மகிழ்ச்சி சில மணி நேரமே நிலைத்தது. மேன்முறையீட்டு நடுவர் குழு கூடிற்று. உருவம் குறுக்கிடுவதற்கு முன்னரே ஷ்ரான்ஸ் வாயிலைத் தவறவிட்டார். ஆகவே மறு ஓட்டம் செல்லாது என்று அக்குழு பெரும்பான்மை வாக்கால் முடிவு செய்தது. தங்கம் கீலிக்குச் சென்றது. இரண்டாம் இடம் பெற்ற அவுஸ்திரியரான ஹெர்பெர்ட் ஹூபருக்கும் கீலிக்கும் இடையே இருந்த வேறுபாடு 0.09 செக்கன் மட்டுமே.

குறுக்கே வந்தவர் காவலர் என்பார் சிலர். வாயிலைத் தவறவிட்ட பின்னர் புனைந்த கதை என்பார் வேறு சிலர். மூடுபனி சாட்சி சொல்ல வருவதில்லை. நாமும் இதில் தீர்ப்புக் கூறப் போவதில்லை. ஒன்று மட்டும் உறுதி: இங்கே ஒரு விசாரணை நடந்தது, வாதம் கேட்கப்பட்டது. தோற்றவர் மனம் ஆறாவிடினும், தோல்விக்கு ஒரு முறை இருந்தது. நான்கு ஆண்டுகளின் பின் நேர்ந்ததில் அந்த முறையும் இல்லை.

ஊதியம் கருதா விளையாட்டு

அதனைச் சொல்லுமுன், 'அமெச்சூர்' என்னும் சொல்லின் வரலாற்றைச் சற்றுக் காண்போம். ஊதியம் கருதாது, விளையாட்டின் மேல் உள்ள அன்பினாலேயே விளையாடுபவர் என்பது அதன் பொருள். கேட்பதற்கு இனிய கொள்கை. ஆயின் அது பிறந்த வீட்டைப் பார்த்தால் வேறொன்று புலப்படும். இங்கிலாந்தில் ஹென்லி படகோட்டப் பந்தயத்தார் 1879இல் வகுத்த விதிப்படி, கைத்தொழிலாளரும் கூலி வேலை செய்வோரும் அமெச்சூர் ஆகார். அவர்கள் படகோட்டிப் பணம் வாங்கினார்களா என்பது கூட வினா அன்று. உடலால் உழைத்தாலே போதும், குற்றமாயிற்று. ஆகவே இக்கொள்கையின் ஒரு வேர் அன்பு என்றால், மற்றொரு வேர் தீண்டாமை எனலாம்.

பனிச்சறுக்குக்கும் இவ்விதியின் சூடு முன்னரே பட்டது. இறங்கிச் சறுக்கும் போட்டிகள் முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றது 1936இல். பனிச்சறுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்கள் ஊதியம் பெறுவதால் தொழில்முறையினர். அவர்கள் பங்குபற்றலாகாது என்று விதிக்கப்பட்டது. மலைநாட்டின் சிறந்த வீரர்கள் பெரும்பாலும் அவ்வாசிரியர்களே. அவுஸ்திரிய, சுவிற்சர்லாந்து வீரர்கள் போட்டிக்கு வராது ஒதுங்கினர். மாணவன் ஓடலாம், கற்பித்தவன் ஓடலாகாது! ஆசிரியத் தொழில் செய்யும் எமக்கு இது சற்று உறைக்கவே செய்கிறது.

மேலே சொன்ன தோனி சைலரின் கதியும் நினைக்கத்தக்கது. 1956இல், இருபது வயதில், மூன்று தங்கம் பெற்ற அவர் திரைப்படங்களில் நடித்தார். அதனால் அவருடைய அமெச்சூர் நிலை வினாவுக்குரியதாயிற்று. 1960 ஒலிம்பிக்குக்கு முன்னரே, இருபத்து மூன்று வயதளவில், அவர் பந்தயத்தை விட்டு விலகினார்.

இக்கொள்கையின் காவலராய் நின்றவர் ஏவரி பிரண்டேஜ். 1887இல் பிறந்த அமெரிக்கர். சிக்காகோவில் கட்டடத் தொழில் நடத்திப் பெரும் பொருள் ஈட்டியவர். 1952 முதல் 1972 வரை சர்வதேச ஒலிம்பிக் குழுவின் தலைவர். அவரைக் கொடியவர் என்று கூறுதல் பொருந்தாது. வாணிகம் விளையாட்டை விழுங்கிவிடும் என்று அவர் மெய்யாகவே அஞ்சினார். இளமையில் அவரும் ஒரு வீரரே. 1912 ஸ்ரொக்ஹோம் ஒலிம்பிக்கில், பத்துப் போட்டிகள் சேர்ந்த தெக்கத்லனிலும் ஐந்து போட்டிகள் சேர்ந்த பென்ரத்லனிலும் பங்குபற்றினார். அவ்விரண்டிலும் தங்கம் வென்றவர் ஜிம் தோர்ப் என்னும் அமெரிக்கப் பழங்குடி வீரர். முன்னொரு காலம் பேஸ்போல் ஆடிச் சிறு ஊதியம் பெற்றார் என்ற குற்றத்துக்காக 1913இல் தோர்ப்பின் பதக்கங்கள் பறிக்கப்பட்டன. வறுமையில் உழன்று 1953இல் அவர் மறைந்தார். அவருடைய வெற்றி 1982இல் மீளவும் ஏற்கப்பட்டது. தனி வெற்றியாளர் என்ற முழுமதிப்பு 2022இலேயே கிடைத்தது. இறந்து அறுபத்தொன்பது ஆண்டுகளின் பின்!

சப்போரோவில் ஒரு வாக்கெடுப்பு

1972ஆம் ஆண்டின் குளிர்கால ஒலிம்பிக் யப்பானின் சப்போரோ நகரிலே பெப்ரவரி 3ஆந் திகதி தொடங்க இருந்தது. ஷ்ரான்ஸுக்கு அப்போது வயது முப்பத்து மூன்று. இளைஞர் பலர் வந்து சேர்ந்துவிட்டனர். இதுவே அவருடைய இறுதி வாய்ப்பு. தளர்ந்துவிட்டார் என்று எண்ணியோருக்கு ஜனவரி மாதமே விடை கிடைத்தது. உலகின் மிகக் கடினமான இறக்கம் எனப்படும் கிட்ஸ்பூயலில், அடுத்தடுத்து நடந்த இரு இறக்க ஓட்டங்களையும் அவரே வென்றார். தங்கம் வெல்லத்தக்கவர் என்று பலராலும் கருதப்பட்டவராக அவர் சப்போரோவில் இறங்கினார்.

பனிச்சறுக்கு வீரர்கள் பலகை செய்யும் தொழிலகங்களிடம் பணம் பெறுகின்றனர் என்பது அக்காலத்தில் ஊரறிந்த இரகசியம். பிரண்டேஜ் அதனை நெடுங்காலம் கண்டித்து வந்தார். கிரெனோபிளில் பலகைகளில் உள்ள தொழிலகப் பெயர்களை அழிக்க வேண்டுமென்று வற்புறுத்தியும் பயனில்லை. சப்போரோவுக்கு வருமுன், நாற்பது பேர்வரை விலக்கப்படலாம் என்ற பேச்சு எழுந்தது. அத்தனை பேரையும் விலக்கினால் போட்டியே நடவாது. ஆகவே நாற்பது ஒன்றாகக் குறுகிற்று. ஜனவரி 31ஆந் திகதி சர்வதேச ஒலிம்பிக் குழு வாக்கெடுத்தது. 28 வாக்குகள் விலக்க. 14 வாக்குகள் வேண்டாமென. ஷ்ரான்ஸ் விலக்கப்பட்டார்.

காட்டிய சான்றுகளுள் ஒன்று, காட்சிக்காக நடந்த உதைபந்தாட்டம் ஒன்றில் அவர் கோப்பி விளம்பரம் பொறித்த சட்டை அணிந்து நின்ற படம். அவர் நேரில் வந்து விளக்கம் கூற இடமளிக்கப்படவில்லை.

ஷ்ரான்ஸ் குற்றமற்றவர் என்று நாம் கூறவில்லை. விதி இருந்தது, அவர் அதற்குள் அடங்கி நிற்கவில்லை, அதை அவர் பெரிதாக மறைக்கவும் இல்லை. ஒருவேளை மறைக்காததே அவர் செய்த பெரும் பிழையாயிற்றுப் போலும். அவர் கூறிய விடையின் சாரம் இது: பிரண்டேஜ் என்னைப்போல் ஏழையாய்ப் பிறந்திருந்தால் வேறு விதமாக எண்ணியிருப்பார், அவர் சொற்படி நடந்தால் ஒலிம்பிக் செல்வருக்கு மட்டுமே உரியதாகும். இது சினத்தில் எழுந்த சொல் மட்டுமன்று. ஹென்லி விதியை அறிந்தவர்களுக்கு அதன் உண்மை விளங்கும். அன்றியும், சோவியத் முதலிய நாடுகளின் வீரர்கள் படைவீரர் என்றும் மாணவர் என்றும் பெயரளவில் பதியப்பட்டு, அரசின் செலவில் ஆண்டு முழுவதும் பயிற்சி பெற்றனர். அவர்கள் அமெச்சூர், தொழிலகத்தின் உதவி பெற்றவர் குற்றவாளி!

அவுஸ்திரிய அணி முழுவதும் நாடு திரும்ப ஆயத்தமாயிற்று. இளையவர்களின் வாய்ப்பு வீணாகலாகாது என்று ஷ்ரான்ஸ் கேட்டுக்கொள்ள, அவர்கள் தங்கிப் போட்டியிட்டனர். பதினெட்டு வயது அன்னமரி புரோல் இரண்டு வெள்ளி வென்றார். ஷ்ரான்ஸ் ஓட இருந்த இறக்க ஓட்டத்தில் சுவிற்சர்லாந்தின் பேர்ன்ஹார்ட் ருஸ்ஸி தங்கம் பெற்றார். தம்மைச் சேர வேண்டியது என்று தாம் நம்பிய ஒன்றை விட்டு, தம்மவர் நலன் கருதி ஒதுங்கி நின்ற அச்செயலை, பதக்கங்களைக் காட்டிலும் உயர்ந்தது என்று நாம் மதிக்கிறோம்.

வியன்னாவின் தெருக்கள்

பெப்ரவரி 8ஆந் திகதி ஷ்ரான்ஸ் வியன்னாவில் வந்திறங்கினார். இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் தெருக்களில் திரண்டிருந்தனர். அரசத் தலைமையமைச்சர் புரூனோ கிரைஸ்கி அவரை வரவேற்றார். அமைச்சகத்தின் மேல்மாடத்தில் அவர் மீண்டும் மீண்டும் தோன்றி மக்களுக்குக் கைகாட்ட நேர்ந்தது. தங்கம் வென்றவருக்கும் கிடைக்காத வரவேற்பு, ஓடவே விடப்படாதவருக்குக் கிடைத்தது.

இதனைக் கேட்கும்போது நெஞ்சு நெகிழ்கிறது. ஆயினும் ஆசிரியர் என்ற முறையில் ஒன்றைச் சொல்லாது விட இயலாது. அக்கூட்டத்தின் அன்பிலே சினமும் கலந்திருந்தது. வீரரைக் காக்கத் தவறினர் என்று நாட்டின் ஒலிம்பிக் அதிகாரிகள்மீது வசைமொழியும் அச்சுறுத்தலும் பாய்ந்தன. அந்த மேல்மாடத்துக்கு அண்மையில் உள்ள வீரர் திடலிலேதான், 1938இல் பெருங்கூட்டமொன்று இட்லரை ஆர்ப்பரித்து வரவேற்றது. நோக்கம் முற்றிலும் வேறு. எனினும் அதனைக் கண்டிருந்த முதியோர் சிலருக்கு நடுக்கம் உண்டாகியிருந்தால் வியப்பில்லை. சபையில் நிகழ்ந்த அநீதிக்குத் தெருவில் எழும் ஆரவாரம் ஆறுதல் ஆகலாம், நீதி ஆகாது.

காலம் கூறிய தீர்ப்பு

ஷ்ரான்ஸ் அத்துடன் அமெச்சூர் பந்தயங்களிலிருந்து விலகினார். தம் ஊரிலேயே பயணிகள் விடுதி நடத்தி வாழ்ந்தார். பிரண்டேஜும் அதே 1972இல் தலைமைப் பதவியினின்று நீங்கினார், 1975இல் காலமானார்.

இரண்டே ஆண்டுகளில் விதி தளர்ந்தது. 1974இல் ஒலிம்பிக் குழு கூடி, பயிற்சிக்காக இழந்த வருமானத்தை வீரர் ஈடுசெய்து பெறலாம் என்று திருத்தம் செய்தது. அக்கூட்டம் நடந்த நகரம் எது? வியன்னாவேதான். எனினும் பழைய விதியின் வால் எஞ்சியிருந்தது. 1984இல் சுவீடன் வீரர் இங்கமார் ஸ்ரென்மார்க்கும் லீக்ரன்ஸ்ரைன் வீராங்கனை ஹன்னி வென்செலும் சரயேவோ ஒலிம்பிக்கில் ஓட இயலாது போயினர். 1986இல் குழு மனம் மாறிற்று. தொழில்முறை வீரரைச் சேர்ப்பதும் விடுவதும் அவ்வவ் விளையாட்டுச் சங்கத்தின் பொறுப்பு என்றாயிற்று. 1988இல் சியோல் ஒலிம்பிக்கில் தொழில்முறை ரெனிஸ் வீரர் ஆடினர். அதே ஆண்டில் ஒலிம்பிக் குழு, ஷ்ரான்ஸுக்கு அடையாளப் பதக்கம் ஒன்றை அளித்து, பழைய களங்கத்தைத் துடைக்க முயன்றது. அப்போது அவருக்கு வயது நாற்பத்தொன்பது. பதக்கத்தைத் திருப்பிக் கொடுக்கலாம். முப்பத்து மூன்று வயதுக் கால்களை யாரால் திருப்பிக் கொடுக்க இயலும்?

இன்று பனிச்சறுக்கு வீரரின் தலைக்கவசத்திலும் மேலாடையிலும் வணிகப் பெயர்கள் நிறைந்திருக்கின்றன. அதனைப் பார்க்கும்போது பிரண்டேஜின் அச்சம் முற்றும் வீண் என்று சொல்ல எம்மால் இயலவில்லை. வாணிகம் களத்துக்குள் புகுந்துவிட்டது உண்மை. நோயை அவர் சரியாகவே கண்டார், மருந்துதான் பிழைத்தது. நாற்பது பேர் செய்ததற்கு ஒருவரைத் தண்டித்தால், அத்தண்டனையால் விதி வலுப்பெறுவதில்லை. எஞ்சிய முப்பத்தொன்பது பேரும் விதியை நகைக்கக் கற்றுக்கொள்வர். வகுப்பிலும் இதுவே கண்ட உண்மை. எல்லாரும் பேசிக்கொண்டிருக்கையில் ஒருவனை மட்டும் எழுப்பி நிறுத்தினால், வகுப்பு அன்றைக்கு அடங்கும். ஆசிரியர்மேல் இருந்த நம்பிக்கை அன்றோடு போகும்.

இனி எம் மாணவனுக்கு உரிய விடை. அவனை அழைத்து இவ்வாறு கூறினோம்: "தம்பி, சப்பாத்தை வாங்கிக்கொள். மறைத்து வாங்காதே, எல்லாரும் அறிய வாங்கு. கொடுத்தவருக்கு நன்றி சொல். சப்பாத்து உன் காலுக்கு உரியது. ஓட்டம் உனக்கு உரியது. அவர் வெல் என்று சொல்லலாம். எப்படி வெல்வது என்றும், எப்போது தோற்பது என்றும் சொல்ல விடாதே. அதுவே எல்லை. மற்றொன்று: நாளை நீ ஒரு சபையில் அமர்ந்து, ஏழைப் பிள்ளை ஒருவனுக்கு விதி வகுக்க நேருமாயின், இன்று வெறுங்காலோடு இங்கு வந்து நின்றதை மறவாதே."

அவன் தலையசைத்துச் சென்றான். மறுநாள் மாலை விளையாட்டிடத்தைக் கடந்தபோது பார்த்தோம். புதிய சப்பாத்து காலைக் கடித்திருக்க வேண்டும். அதனைக் கழற்றி வேலியோரம் பத்திரமாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு ஓடிக்கொண்டிருந்தான்.